நித்திய ஆக்கினை: சொல் விளக்கம்

இறுதி நியாயத்தீர்ப்பில் தீயோர் அடையும் தண்டனையைக் குறிக்கும் தொடர். மத்தேயு 25:46-இல் வருகிறது: "இவர்கள் நித்திய ஆக்கினையை அடையவும், நீதிமான்களோ நித்திய ஜீவனை அடையவும் போவார்கள்." மூலத்தில் உள்ள கிரேக்கத் தொடர் 'கோலாசிஸ் அயோனியோஸ்'. அந்தத் தண்டனைக்கு முடிவு உண்டா என்ற கேள்வியில் கிறிஸ்தவர்கள் முதல் நூற்றாண்டுகளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. விவாதத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு சொற்களைச் சுற்றியே நடக்கிறது.

ஆக்கினை என்பது 'ஆக்ஞா' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். முதற்பொருள் கட்டளை. அரசன் கட்டளையால் விதிக்கப்படுவது என்ற வழியில் தண்டனை என்ற பொருளும் சேர்ந்தது. 'ஆக்கினைத்தீர்ப்பு' என்பதில் இருப்பது இந்தப் பொருள்தான். இதை அக்கினியோடு குழப்பிக்கொள்வோர் பலர். குழப்பத்துக்குக் காரணமும் உண்டு: ஐந்து வசனங்களுக்கு முன்னால், 41-ஆம் வசனத்தில், 'நித்திய அக்கினி' வருகிறது. இரண்டும் வேர் வேறான சொற்கள். 46-ஆம் வசனம் தண்டனை என்று மட்டுமே சொல்கிறது, அது நெருப்பா வேறொன்றா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. தூய தமிழில் ஒறுப்பு எனலாம். "ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம்" என்ற குறளில் இருப்பது அதே வேர். இன்றைய வாசகருக்குத் தண்டனை என்றாலே போதும்.

கோலாசிஸ் என்ற கிரேக்கச் சொல்லின் வினைக்குக் கிளை கழித்தல், அடக்குதல் என்ற பழைய பொருள்கள் உண்டு. தண்டிக்கப்படுபவனின் நலனுக்காகக் கொடுப்பது கோலாசிஸ், தண்டிப்பவனின் மனநிறைவுக்காகக் கொடுப்பது திமோரியா என்று அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டினார். இதைப் பிடித்துக்கொண்டு, 'மத்தேயுவில் உள்ளது திருத்தும் தண்டனை, ஆகவே அது ஒருநாள் முடியும்' என்று வாதிடுவோர் உண்டு. வாதம் அவ்வளவு எளிதாக நிற்காது. அரிஸ்டாட்டிலுக்குப் பிந்திய பொதுக் கிரேக்கத்தில் இந்தப் பிரிவினை தேய்ந்துவிட்டது. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள 2 மக்கபேயர் நூலின் 4:38-இல் கொலைகாரனான அந்திரோனிக்கு கொல்லப்படுவதே அவனுக்குத் தகுந்த கோலாசிஸ் என்று சொல்லப்படுகிறது. செத்தவனைத் திருத்த முடியாது. புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் இன்னும் ஒரே ஓர் இடத்தில், 1 யோவான் 4:18-இல் வருகிறது. 'நித்திய ஆக்கினை' என்று தந்த அதே பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே அதை 'வேதனை' என்று பெயர்த்தது.

நித்திய என்பதும் வடசொல். இடைவிடாத என்ற பொருளோடு நாள்தோறும் என்ற பொருளும் அதற்கு உண்டு. 'நித்திய பூசை' என்றால் முடிவே இல்லாத பூசை என்று யாரும் கொள்வதில்லை. எனினும் கிறிஸ்தவத் தமிழில் அது 'முடிவில்லாத' என்ற ஒரே பொருளில் இறுகிவிட்டது.

அயோனியோஸ் 'அயோன்' என்ற பெயரிலிருந்து பிறந்த அடைமொழி. அயோன் என்றால் வாழ்நாள், ஊழி, உலகம் என இடத்துக்கு ஏற்பப் பொருள் மாறும். நம் கையிலுள்ள பழைய தமிழ் மொழிபெயர்ப்பே இதற்குச் சாட்சி. மத்தேயு 13:39-இல் 'உலகத்தின் முடிவு' என்பதில் உலகம் என்றானது அயோன். மத்தேயு 12:32-இல் 'இம்மையிலும் மறுமையிலும்' என்ற அழகான இணைக்குப் பின்னால் இருப்பதும் அயோன்தான். பெயர்ச்சொல்லை இம்மை, மறுமை என்று பெயர்த்தவர்கள் அதன் அடைமொழியை 'மறுமைக்குரிய' என்று பெயர்த்திருந்தால், 25:46-ஐ நாம் 'மறுமைக்குரிய தண்டனை, மறுமைக்குரிய வாழ்வு' என்று படித்திருப்போம். கால அளவு அப்போது திறந்த கேள்வியாகவே நின்றிருக்கும்.

எபிரெயத்தில் இதற்கு நிகராக நிற்பது 'ஓலாம்'. அது எட்டாத தொலைவுக் காலம். எல்லை உண்டா இல்லையா என்பதை எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது முடிவு செய்யும். யாத்திராகமம் 21:6-இல் காது குத்தப்பட்ட அடிமை 'என்றைக்கும்' ஊழியம் செய்கிறான். அது அவன் ஆயுள்வரைதான். யோனா 2:6-இல் பூமியின் தாழ்ப்பாள்கள் அவனை 'என்றென்றைக்கும்' அடைக்கின்றன. மீன் வயிற்றில் அவன் இருந்தது மூன்று நாள். ஆபகூக் 3:6-இல் ஒரே வசனத்தில் என்றுமுள்ள குன்றுகள் தாழ்ந்துபோகின்றன, கடவுளின் வழிகளோ என்றும் நிற்கின்றன. ரோமர் 16:25-26-உம் இப்படித்தான்: முடிந்துபோன காலங்களுக்கும் முடிவில்லாத கடவுளுக்கும் பவுல் அயோனியோஸ் என்ற அதே அடைமொழியைக் கொடுக்கிறார்.

இதைக் கேட்டவுடன் 'அப்படியானால் அயோனியோஸ் என்றால் முடிவுள்ளது' என்று தாவிவிடக் கூடாது. பிளாட்டோ தம் 'திமையோஸ்' உரையாடலில் காலத்துக்கு அப்பாற்பட்ட நிலையைச் சொல்ல இதே சொல்லை ஆண்டார். புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 70 முறை வரும் இச்சொல், பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் 'ஜீவன்' என்பதற்கு அடையாக நிற்கிறது. உண்மையிலேயே முடிவில்லாததைச் சொல்ல 'அயிதியோஸ்' என்ற வேறு சொல் இருந்ததே என்பாரும் உண்டு. அந்தச் சொல் யூதா 6-இல் விழுந்த தூதர்களின் சங்கிலிகளுக்கு வருகிறது, அவையோ 'மகாநாளின் நியாயத்தீர்ப்பு' வரைக்குமானவை. சொல்லை மட்டும் வைத்து வழக்கை முடிக்க எந்தத் தரப்புக்கும் வழியில்லை என்பதே எங்கள் கணிப்பு.

மேலைத் திருச்சபையின் பழைய இறையியலாளர் அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' நூலின் 21-ஆம் பகுதியில் வைத்த வாதம்தான் இன்றும் வலுவானது. ஒரே வாக்கியத்தில் ஒரே அடைமொழி இருமுறை வருகிறது. வாழ்வு முடிவில்லாதது என்றால் தண்டனையும் முடிவில்லாததே. மேலைத் திருச்சபை இந்த வழியில் நின்றது. லூத்தரன் சபையின் விசுவாச அறிக்கையான 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, தண்டனைக்கு முடிவு உண்டு என்பாரை 17-ஆம் பிரிவில் கண்டித்தது. கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் நரகத்தின் முடிவின்மையைக் கற்பிக்கிறது. கடவுளைப் பிரிந்திருப்பதே அதன் முதன்மைத் தண்டனை என்கிறது.

ஆனால் அகுஸ்தீனின் வாதம் எதை வீழ்த்துகிறது, எதை வீழ்த்தவில்லை என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. தீயோர் இறுதியில் இல்லாமற்போவார்கள் என்ற அழிவுக் கொள்கையை அது தொடுவதில்லை. அக்கொள்கையினர் 'முடிவில்லாத' என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறார்கள். முடிவில்லாதது விளைவு, வேதனை அனுபவிக்கும் செயல் அன்று என்கிறார்கள். எபிரெயர் 9:12-இன் 'நித்திய மீட்பு' என்றால் ஓயாமல் மீட்டுக்கொண்டே இருப்பது என்று பொருளில்லை. ஒருமுறை நடந்தது, பலன் நிலைக்கிறது. யூதா 7-இன் சோதோம் 'நித்திய அக்கினி'யில் எரிந்தது, இன்று எரிந்துகொண்டிருக்கவில்லை. 'நித்திய அழிவு' என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதும், ஆத்துமாவையும் சரீரத்தையும் 'அழிக்க வல்லவர்' என்ற மத்தேயு 10:28-உம் இவர்களின் தூண்கள். 1988-இல் ஆங்கிலேயப் போதகரும் எழுத்தாளருமான ஜான் ஸ்டாட் இந்தப் பக்கம் சாய்ந்தபோது நற்செய்தி மரபினரிடையே பெரிய அதிர்வு உண்டானது. இவர்களுக்கு மிகக் கடினமான வசனம் வெளிப்படுத்தல் 20:10: 'இரவும் பகலும் சதாகாலங்களிலும் வாதிக்கப்படுவார்கள்.' ஏசாயா 34:10-இல் ஏதோமின் புகையும் என்றென்றைக்கும் எழும்புகிறது என்று அவர்கள் சொல்லும் பதில் புகைக்குப் பொருந்தும். 'வாதிக்கப்படுவார்கள்' என்ற வினைக்கு அவ்வளவு பொருந்தாது.

மூன்றாவது தரப்பு, எல்லாரும் இறுதியில் கடவுளிடம் திரும்புவார்கள் என்பது. கிரேக்க மொழி இறையியலாளர்களான ஒரிகன் மூன்றாம் நூற்றாண்டிலும் நிசாவின் கிரகோரி நான்காம் நூற்றாண்டிலும் இந்த நம்பிக்கையை எழுதினார்கள். 553-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் ஒரிகனைக் கண்டித்தது. கிரகோரியோ இன்றும் புனிதராகவே போற்றப்படுகிறார். அகுஸ்தீனின் இணைவாதத்துக்கு இவர்கள் பக்கத்திலிருந்து வரும் பதில் மேலே கண்ட ஆபகூக், ரோமர் வசனங்களே: ஒரே சொல் அடுத்தடுத்து வந்தாலும் இரண்டு இடத்திலும் ஒரே கால அளவைக் குறிக்க வேண்டியதில்லை.

நிகர்ச்சொல்லுக்கு வருவோம். பிந்திய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மத்தேயு 25:46-ஐ 'முடிவில்லாத் தண்டனை', 'நிலைவாழ்வு' என்று பெயர்க்கிறது. தமிழ் இனிமையாக இருக்கிறது, ஆனால் ஒரே கிரேக்க அடைமொழி இரண்டாகப் பிரிந்துவிட்டதால் அகுஸ்தீன் சுட்டிய இணை தமிழ் வாசகர் கண்ணுக்குப் படாது. பழைய மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் 'நித்திய' என்றே வைத்து இணையைக் காத்தது; கால அளவை முன்கூட்டியே தீர்த்துவிட்டது அதன் குறை. வேதாகமத்தை மேற்கோள் காட்டும்போது அச்சிட்டபடி 'நித்திய ஆக்கினை' என்றே எழுதுங்கள். கிரேக்கப் பொருளை விளக்கும்போது 'மறுமைத் தண்டனை' பொருந்தும். 'ஊழித் தண்டனை' அயோனுக்கு இன்னும் நெருக்கம், ஆனால் ஊழ்வினையை நினைவூட்டி வழிதவறச் செய்யும். 'முடிவில்லாத் தண்டனை' என்பதை அகுஸ்தீன் தரப்பின் கொள்கைப் பெயராக வைத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் அழிவுக் கொள்கை, முழுமீட்புக் கொள்கை என்ற பெயர்கள் போதும். மூன்றாவதை 'நரகமில்லாக் கொள்கை' என்று எழுதுவது பிழை: ஒரிகனும் கிரகோரியும் தூய்மையாக்கும் நெருப்பை நம்பினார்கள், அது கடுமையானது என்றும் எழுதினார்கள்.