ஃப்ரீ த்ரோ கோட்டில் தெரிவது: இளம் கார்டுகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி

பள்ளி அணிகளுக்கும் மாவட்ட அணிகளுக்கும் கூடைப்பந்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ஒவ்வோர் ஆண்டும் என்.பி.ஏ. டிராஃப்ட், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் வரிசைமுறையில் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் நிகழ்ச்சி, நெருங்கும்போது என்னிடம் பயிலும் பிள்ளைகளும், சில சமயம் அவர்களுடைய அப்பாக்களும், கைப்பேசியில் இரண்டு நிமிடக் காணொளி ஒன்றைக் காட்டி, "சார், இந்தப் பையனை எந்த டீம் எடுக்கும்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வி எனக்கும் பிடித்ததுதான். அதற்கு ஆதாரமாக நீட்டப்படும் காணொளிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. விழுந்த பந்துகளை மட்டும் வெட்டி ஒட்டிய அந்தத் துண்டுகளைப் பார்த்து அமெரிக்கப் பையனை எடைபோடும் அதே கண்ணால்தான் இவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையையும் எடைபோடுகிறார்கள்.

பந்தைக் கையாளும் ஆட்டக்காரர்களான கார்டுகளை (guard) மதிப்பிடுவது மற்ற இடங்களுக்கு ஆள் எடுப்பதைவிடக் கடினம். ஏழடி உயரத்தை அளவுநாடா சொல்லிவிடும். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்த வேண்டிய கார்டிடம் நாம் தேடுவது கையும் காலும் கண்ணும் ஒரே நொடியில் ஒத்துழைக்கும் திறன். அதற்கு அளவுநாடா கிடையாது. அமெரிக்க ஆட்டக்காரர் டிராஃப்டில் நுழைய, அது நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும், பள்ளி முடித்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே முதல் வரிசையில் பேசப்படும் பையன்களில் பலர் ஒரே ஒரு கல்லூரிப் பருவம், அதாவது 25 முதல் 35 ஆட்டங்கள் வரை, ஆடியவர்களாகவே இருப்பார்கள். அவ்வளவு சிறிய சான்றை வைத்துக்கொண்டுதான் கோடிக்கணக்கான டாலர் முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

இதை விளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது ஃபிலடெல்ஃபியா செவன்டி சிக்ஸர்ஸ் அணியின் கதையை. 2017-இல் அந்த அணியிடம் மூன்றாவது தேர்வுரிமை இருந்தது. அதையும் எதிர்காலத்து முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றையும் பாஸ்டனுக்குக் கொடுத்து முதலிடத்தை வாங்கி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கார்டு மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தார்கள். பாஸ்டன் மூன்றாமிடத்தில் ஜேசன் டேட்டமை எடுத்துக்கொண்டது. ஃபுல்ட்ஸ் கல்லூரியில் 25 ஆட்டங்களில் சராசரியாக 23.2 புள்ளிகள் எடுத்தவர். வளையத்துக்குத் தொலைவிலுள்ள கோட்டுக்கு அப்பாலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சில் 41.3 சதவீதம். குறை சொல்ல இடமில்லாத கணக்காகத்தான் தோன்றும். அதே தாளில், இரண்டு கட்டம் தள்ளி, ஃப்ரீ த்ரோ 64.9 சதவீதம் என்று இன்னோர் எண்ணும் இருந்தது.

எதிரணி செய்த தவறுக்காகக் கிடைக்கும் தனி வீச்சுதான் ஃப்ரீ த்ரோ. அதில் எதிரே யாரும் கைநீட்டுவதில்லை, தூரம் மாறுவதில்லை, யாருடைய பாஸுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. வீசுபவரின் முழங்கை, மணிக்கட்டு, கால் ஆகியவற்றின் ஒழுங்கைத் தவிர வேறு எதுவும் அங்கே கலப்பதில்லை. மூன்று புள்ளி வீச்சில் அப்படியில்லை. ஃபுல்ட்ஸ் ஆட்டத்துக்குச் சுமார் ஐந்து முறைதான் அங்கிருந்து எறிந்தார். அதுவும் அன்றைய கல்லூரிக் கோடு வளையத்திலிருந்து 6.32 மீட்டரில் இருந்தது. என்.பி.ஏ. கோடு உச்சியில் 7.24 மீட்டர். நம் ஊர்த் திடல்களில் நாம் போடும் சர்வதேசக் கோடு 6.75 மீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசத்தைக் கால் தசையே சொல்லிவிடும். குறைந்த எண்ணிக்கை, குறைந்த தூரம் ஆகிய இரண்டும் சேர்ந்து தந்த 41-ஐ நம்புவதா, எந்த உதவியும் இல்லாத இடத்திலிருந்து வந்த 65-ஐ நம்புவதா என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஆனால் ஃபுல்ட்ஸின் சரிவுக்கு அந்த எண்தான் காரணம் என்று எழுதினால் அது அநியாயம். என்.பி.ஏ.வுக்கு வந்த சில மாதங்களிலேயே அவருடைய வீச்சு முறையே உருக்குலைந்து போயிற்று. முதல் பருவத்தில் 14 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார், ஃப்ரீ த்ரோ பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த பருவத்தில் ஒரு ஃப்ரீ த்ரோவை எறியப் போய்க் கை நடுவிலேயே தயங்கி நின்று, பிறகு எறிந்த காட்சியை உலகமே பார்த்துச் சிரித்தது. மனத்தில்தான் கோளாறு என்று ஒரு சாராரும், பயிற்சியாளர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று இன்னொரு சாராரும் ஓராண்டுக்கு மேல் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். 2018 டிசம்பரில்தான் அவருக்கு இருப்பது தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம், அதாவது கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்புகள் நசுங்கும் கோளாறு என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றாக எறிந்துகொண்டிருந்த பிள்ளையின் கை திடீரென்று மாறினால், "கவனம் இல்லை", "திமிர் வந்துவிட்டது" என்று திட்டுவதற்கு முன்பு, தோளில் வலியோ விரல்களில் மரமரப்போ இருக்கிறதா என்று கேளுங்கள்; இருக்கிறது என்றால் மைதானத்தை விட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இனி அதே அணி 2020-இல் செய்தது. அந்த ஆண்டு பெருந்தொற்றால் டிராஃப்ட் நவம்பருக்குத் தள்ளிப்போய்க் காணொளி வழியே நடந்தது. கல்லூரிப் போட்டிகளின் உச்சமான மார்ச் மாதத் தொடரும் நடக்கவில்லை. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் டைரீஸ் மேக்ஸி மூன்று புள்ளி வீச்சில் 29.2 சதவீதம்தான் வைத்திருந்தார். "உயரம் குறைவு, வெளியிலிருந்து எறியத் தெரியாது" என்ற பேச்சோடு 21-ஆம் இடம்வரை கீழே வந்தார். அந்தப் பருவத்தில்தான் கல்லூரி ஆண்களின் மூன்று புள்ளிக் கோடு பின்னே நகர்த்தப்பட்டு 6.75 மீட்டர் ஆகியிருந்தது. பருவம் முழுவதற்கும் அவர் எறிந்தவை நூற்றுச் சொச்சம்; அவற்றில் இன்னும் ஆறு பந்து உள்ளே போயிருந்தால் சதவீதம் 34-ஐத் தொட்டிருக்கும், அந்தப் பேச்சே எழுந்திருக்காது. அவருடைய ஃப்ரீ த்ரோவோ 83.3. இரண்டாவது என்.பி.ஏ. பருவத்தில் மேக்ஸி மூன்று புள்ளி வீச்சில் 42.7 சதவீதம் எடுத்தார். 2024-இல் மிகவும் முன்னேறிய ஆட்டக்காரர் விருதும் லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இடமும் கிடைத்தன.

இதைக் கேட்டதும், "அப்படியென்றால் ஃப்ரீ த்ரோவைப் பார்த்து எடுத்துவிட வேண்டியதுதானே சார்" என்று ஒரு மாணவன் சொன்னான். அவனுக்காகவே வைத்திருக்கும் பெயர் கிலியன் ஹேஸ். அதே 2020 டிராஃப்டில் டெட்ராய்ட் அணி ஏழாமிடத்தில் எடுத்த பிரெஞ்சுக் கார்டு. ஜெர்மனியில் ஆடியபோது ஃப்ரீ த்ரோவில் எண்பதுக்கு மேல் வைத்திருந்தவர். என்.பி.ஏ.வில் அவருடைய வெளி வீச்சு கைகூடவே இல்லை. 2024 பிப்ரவரியில் அணி அவரை விடுவித்தது. அவருக்குப் பின்னால் 12-ஆம் இடத்தில் போனவர், விசித்திரமான வீச்சு முறை என்று பலரும் முகம் சுளித்த டைரீஸ் ஹாலிபர்ட்டன். 2025-இல் இண்டியானாவை இறுதித் தொடருக்கே இட்டுச் சென்றார். ஃப்ரீ த்ரோ ஒரு சாட்சி மட்டுமே. தீர்ப்புக்கு வேறு சாட்சிகளும் வேண்டும்.

வேறு சாட்சிகளில் நான் அதிகம் மதிப்பது, தன்னைக் காப்பவனைத் தாண்டி உள்ளே புகுந்த பிறகு ஒரு கார்டு என்ன செய்கிறான் என்பது. தாண்டுவது வேகம், வேகம் காணொளியில் அழகாகத் தெரியும். தாண்டியதும் உதவிக்கு வரும் இரண்டாவது தடுப்பாளரைப் பார்த்து, அவர் விட்டுவந்த ஆளுக்குப் பந்தைத் தள்ளுகிறானா, இல்லை கூட்டத்துக்குள்ளேயே மேலே எம்புகிறானா என்பதை முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தால் மட்டுமே தெரிந்துகொள்ள முடியும். ஆட்டக்காரர் மூன்றாண்டு கல்லூரியில் இருந்திருந்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் டிராஃப்ட் சந்தையில் அதையே வயது கூடிவிட்டது என்று குறையாக எழுதுவார்கள். வில்லனோவாவில் மூன்றாண்டு ஆடி, இரண்டு தேசியப் பட்டங்களில் பங்கு பெற்ற ஜேலன் பிரன்சன் 2018-இல் 33-ஆம் இடம்வரை காத்திருந்தது அதனால்தான் என்பது என் கருத்து. அவரும் உயரம் குறைந்தவர்தான்.

2009-இல் மினசோட்டா அணி ஐந்தாவது இடத்தில் ரிக்கி ரூபியோவையும் ஆறாவது இடத்தில் ஜானி ஃப்ளின்னையும் எடுத்தது. இருவருமே ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டுகள். ஏழாவது இடத்தில் கோல்டன் ஸ்டேட் அணி எடுத்தது, பின்னாளில் மூன்று புள்ளி வீச்சுக்கே பெயர்போன ஸ்டீஃபன் கரியை. இன்று சிரிப்பது எளிது. அன்று கரி டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்த மெலிந்த பையன். பாயிண்ட் கார்டுக்கு ஆட்டம் நடத்தும் பழக்கம் போதாது, எறிந்து புள்ளி எடுக்கும் ஷூட்டிங் கார்டுக்கு உடம்பு போதாது என்று, எந்தப் பெட்டியில் அவரை வைப்பது என்பதே விவாதமாக இருந்தது. அந்தப் பருவத்தில் அமெரிக்கக் கல்லூரிகளிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும் அப்படி நடந்தது. ஃப்ளின்னும் மோசமான தேர்வல்ல. முதல் பருவத்தில் சராசரி 13.5 புள்ளி எடுத்தார். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்றே பருவங்களில் அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்துபோயிற்று.

இவ்வளவும் எழுதுகிற நானே செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் 16 வயதுக்குட்பட்டோர் தேர்வில் ஒரு பையன் இருபது நிமிடத்தில் ஐந்து மூன்று புள்ளி போட்டான்; வேலிக்கு அப்பால் நின்ற அவன் அப்பா ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார், எனக்கும் உள்ளுக்குள் கைதட்டத் தோன்றியது. பட்டியலில் முதல் பெயராக அவனை எழுதிவிட்டு, ஒரு புள்ளிகூட எடுக்காத, ஆனால் உள்ளே புகுந்த ஒவ்வொரு முறையும் சரியான ஆளுக்குப் பந்தைக் கொடுத்த இன்னொரு பையனை விட்டுவிட்டேன். போட்டி தொடங்கியபோதுதான் பார்த்தேன்: நான் முதலில் எழுதிய பையன் பெரிய பந்தின் கனம் தாங்காமல், வலது தோளுக்குப் பின்னாலிருந்து கவண் எறிவதுபோல் எறிந்துகொண்டிருந்தான், இரண்டாம் பாதியில் கால் தளர்ந்ததும் ஒவ்வொரு பந்தும் வளையத்தின் முன்விளிம்பில் இடித்து விழுந்தது. தேர்வு நாளன்று விழுந்த ஐந்தை எண்ணினேனே தவிர, தவறியவை எப்படித் தவறின என்று குறிக்கவில்லை. முன்விளிம்பில் இடித்தால் பெரும்பாலும் காலில் குறை. இடம் வலமாக விலகினால் முழங்கையையோ மணிக்கட்டையோ பார்க்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு ஆயிரம் முறை சொன்னவன் நான்.

அதன் பிறகு என் தேர்வுகளில், எல்லாரும் ஓடிக் களைத்து, தண்ணீர் குடித்து, பெற்றோர் வண்டியை எடுக்கப் போன பிறகு, ஒவ்வொருவருக்கும் பத்து ஃப்ரீ த்ரோ கொடுக்கிறேன். குறிப்பேட்டில் விழுந்தது, தவறியது என்று எழுதுவதில்லை; முன், பின், இடம், வலம் என்று மட்டுமே எழுதுகிறேன். பத்தும் ஒரே பக்கம் தவறுகிற பையனைத் திருத்திவிடலாம். பத்தும் பத்துத் திசையில் போகிறவனுக்கு நாள் பிடிக்கும்.

ஃபிலடெல்ஃபியா கதையில் ஒன்று பாக்கி இருக்கிறது. 2019 பிப்ரவரியில் ஃபுல்ட்ஸை ஆர்லாண்டோவுக்கு மாற்றியபோது, பதிலாகக் கிடைத்தவற்றில் ஒக்லஹோமா சிட்டியின் 2020 முதல் சுற்றுத் தேர்வுரிமையும் ஒன்று. முதல் இருபது இடங்களுக்குள் வந்தால் கைக்கு வராது என்ற நிபந்தனையோடு. 2020 ஆகஸ்டில் மயாமிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகளில் மைக் மஸ்காலா போட்ட மூன்று புள்ளியால் ஒக்லஹோமா சிட்டி வென்றது. அதிகம் வென்ற அணி டிராஃப்டில் பின்னால் தேர்வதால், அந்த ஒரு வெற்றியால் அதன் இடம் 21 ஆகி, உரிமை ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தது. அதை வைத்துத்தான் மேக்ஸியை எடுத்தார்கள். மஸ்காலாவும் அதற்கு முந்தைய பருவத்தில் ஃபிலடெல்ஃபியாவிலேயே ஆடி, ஃபுல்ட்ஸைப் போலவே அதே பிப்ரவரியில் வேறு அணிக்கு அனுப்பப்பட்டவர்தான்.