கைடைத் தவிர்க்கத் தொடங்கும்போதே கவனியுங்கள்

சேலம் பக்கத்து லேப்களிலிருந்து மனநல ஆலோசனைக்கு வரும் ஆராய்ச்சி மாணவர்கள் பெரும்பாலும் ‘தூக்கம் வரலை’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால் இன்னொன்று வெளியே வரும். கைடை, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரை, பார்த்தே வாரக்கணக்கில் ஆகிவிட்டது. அவர் வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிபார்ட்மென்டுக்குள் நுழைகிறார்கள். அவர் போன் வந்தால் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டிலும் லேபிலும் இதற்குச் சோம்பல் என்று பெயர். மனச்சோர்வும் பதற்றமும் பல நேரம் முதலில் தலைகாட்டுவது இங்கேதான்.

சேர்வராயன் மலை ஆர்க்கிட்களைத் திசு வளர்ப்பில் (செடியின் சிறு துண்டைப் பாட்டிலில் வளர்ப்பது) பெருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மீடியாவை (செடித் துண்டு வளரும் சத்துக் கலவை) 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கி, லேமினாரில் (வடிகட்டிய சுத்தக் காற்று வீசும் மேசை) உட்கார்ந்து பாட்டில்களில் துண்டுகளை வைத்து முடிக்கிறார். சில நாளில் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. ‘நம்ம கை சரியில்லை’ என்று முடிவு கட்டுகிறார். ஒரு வாரத்துக்குள் வந்தால் கையை மட்டுமல்ல, செடித் துண்டின் மேற்பரப்பைக் கிருமி நீக்கிய முறையையும் லேமினார் ஃபில்டரையும் சேர்த்தே சந்தேகப்பட வேண்டும். வாரங்கள் கழித்துத் திசுவின் அடியில் பால் போல் கலங்கினால், செடிக்குள்ளேயே இருந்த பாக்டீரியாவாக இருக்கலாம்; எவ்வளவு கை கழுவினாலும் அது போகாது. கைடிடம் காட்டியிருந்தால் இந்த வித்தியாசம் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். வெட்கப்பட்டு மறைப்பதால் அடுத்த பேட்சும் அதே முறையில் போட்டு, அதே மாதிரி கெடுகிறது.

ரிசல்ட் வந்ததும் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அரைப் பக்கம் எழுதுங்கள்: என்ன செய்தேன், எங்கே கெட்டது, எதை மாற்றிப் பார்த்தேன், இப்போது என்ன உதவி வேண்டும். அதை இன்றே மெயிலில் அனுப்பி, 20 நிமிடம் கேளுங்கள். கைடுகளுக்கும் ஒன்று: வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று முன்கூட்டியே குறித்துவிடுங்கள். ‘எப்ப வேணா வாங்க’ என்றால் பயந்தவர் வரவே மாட்டார்.

தூக்கத்துக்கு, இரவு எப்போது படுத்தாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். மதியம் 2 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரமாகும்.

26 நாடுகளில் 2,279 பேரிடம், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களிடம், எடுத்த ஆய்வு 2018இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’யில் வந்தது. 39 சதவீதம் பேருக்கு மிதமானது முதல் தீவிரமானது வரை மனச்சோர்வு. விரும்பியவர்கள் மட்டுமே பதில் சொன்ன ஆய்வு அது. எண்ணை அப்படியே எல்லா லேபுக்கும் பொருத்தக்கூடாது. ஆனாலும் நீங்கள் தனி ஆள் இல்லை.

எதிலும் பிடிப்பில்லாமை, பசியின்மை, தன்மேலேயே வெறுப்பு ஆகியவை இரண்டு வாரம் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 அளவுகளையும் பார்க்கச் சொல்லலாம்; இவற்றின் கோளாறும் இதே சோர்வைத் தரும். மாத்திரை தந்தால் பலன் தெரியச் சில வாரங்களாகும், நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள். கைடுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தின் ரகசியத்தைக் காக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

லேப் நண்பர் ‘நான் இல்லாம போனா நல்லது’ என்ற மாதிரிப் பேசினால், ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல், கூடவே இருந்து 14416க்குப் போன் போடுங்கள். இது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. உடனடி ஆபத்து என்றால் 108.