கருப்பு நுரையும் திரவ நைட்ரஜனும்: ஒரு ரேடியோ ரிசீவரை நம்புவதற்கு முன்

ரேடியோ தொலைநோக்கிக்கென்று செய்த ரிசீவரை டிஷ்ஷில் ஏற்றுவதற்கு முன் அதற்கு ஓர் எளிய பரீட்சை வைப்பார்கள். அதன் புனல் போன்ற வாயை வானம் பார்க்க நிமிர்த்தி, கரித்தூள் ஏறிய கருப்பு நுரைப் பலகையால் மூடுவார்கள். அந்த நுரை ரேடியோ அலைகளை விழுங்கிவிடும். அறை வெப்பத்தில் இருக்கும் எந்தப் பொருளையும் போல, தன் சூட்டுக்குத் தக்க ஒரு மெல்லிய இரைச்சலை மட்டும் வெளியிடும். ரிசீவரிலிருந்து வரும் திறனைக் குறித்துக்கொண்டு, அதே நுரையைத் திரவ நைட்ரஜனில் ஊறவைத்து மறுபடி அளப்பார்கள். முதல் முறை நுரையின் வெப்பநிலை சுமார் 300 கெல்வின், இரண்டாம் முறை 77 கெல்வின்.

ரிசீவருக்கென்று சொந்த இரைச்சலே இல்லாவிட்டால் இரண்டு அளவுகளுக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட 3.9 வர வேண்டும். வரவே வராது. உள்ளே இருக்கும் பெருக்கிகள் தங்கள் இரைச்சலை இரண்டு அளவிலும் சமமாகக் கலந்துவிடுவதால் விகிதம் குறையும். 3.5 வந்தால் ரிசீவரின் இரைச்சல் சுமார் 12 கெல்வின், அதாவது 12 கெல்வின் சூட்டில் இருக்கும் ஒரு பொருள் எழுப்பும் அளவு. 3 தான் வந்தது என்றால் 34 கெல்வினைத் தாண்டிவிட்டது என்று பொருள். அரைப்புள்ளி இறங்கியதற்கு இவ்வளவு வித்தியாசம். கவலைப்பட வேண்டிய வித்தியாசம்தான், ஏனென்றால் மொத்த இரைச்சல் இரண்டு மடங்கானால் அதே மங்கலான விண்பொருளை அதே தெளிவோடு பார்க்க நான்கு மடங்கு நேரம் ஆகும். ஓர் இரவில் முடிய வேண்டிய வேலை நான்கு இரவுக்கு இழுக்கும்.

ஒரே அலைவெண்ணைக் கேட்கும் ரிசீவர் என்றால் இந்தச் சோதனை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் நகருக்கு அருகே 1961-இல் திறக்கப்பட்ட 64 மீட்டர் டிஷ்ஷில் 2018-இல் பொருத்திய அகலப்பட்டை ரிசீவர் அந்த வகை இல்லை. 704 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 4032 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே நேரத்தில் கேட்கும். சங்கீதக் கணக்கில் சொன்னால் இரண்டரை ஸ்தாயி. கீழ்க்கோடியில் அலையின் நீளம் 42 சென்டிமீட்டர், மேல்கோடியில் 7 சென்டிமீட்டர் சொச்சம். இத்தனை வித்தியாசமான அலைகளை ஒரே வாய் வாங்கி, ஒரே சீராகக் குளிர்ந்த பெருக்கிக்குள் அனுப்ப வேண்டும். ஆகவே சூடு, குளிர் அளவுகளை ஒவ்வொரு அலைவெண்ணிலும் எடுத்து வரைபடமாகப் போடுவார்கள். கோடு சீராகப் போகாமல் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் அங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அந்த முட்டல் ரிசீவரின் குறையா, அல்லது பக்கத்து மொபைல் டவர் நுரையின் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்துவிட்டதா?

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிலவில் ஒருவர் நின்றுகொண்டு, 1 வாட் திறனை 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அனுப்பும் சாதாரண செல்போனில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 3,84,400 கிலோமீட்டர் கடந்து பூமிக்கு வந்து சேரும்போது அதன் வலிமை ஏறக்குறைய 270 ஜான்ஸ்கி இருக்கும். ஜான்ஸ்கி என்பது வந்து சேரும் ரேடியோ அலையின் வலிமையை வானியலாளர்கள் அளக்கும் அலகு. அவர்கள் நாள்தோறும் தேடுவது ஒரு ஜான்ஸ்கியில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் அதற்குக் கீழானதையும். நிலவில் இருக்கும் போனே அப்படியென்றால், பார்வையாளர் ஒருவரின் சட்டைப்பையில் இருக்கும் போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரைச்சல் குறைவாக இருந்தால் மட்டும் போதாது. பலத்த சத்தத்திலும் ரிசீவர் தடுமாறக் கூடாது. ஒரு பெருக்கிக்குள் அளவுக்கு மீறிய இரண்டு சமிக்ஞைகள் ஒன்றாக நுழைந்தால் அது தன் பங்குக்குப் புதிய சமிக்ஞைகளைப் பிறப்பித்துவிடும். 900 மெகாஹெர்ட்ஸிலும் 950 மெகாஹெர்ட்ஸிலும் இரண்டு டவர்கள் ஒலித்தால், யாருமே அனுப்பாத 850-இலும் 1000-இலும் பொய்க் கோடுகள் முளைக்கும். வெளியே போய்த் தேடினால் அவை கிடைக்காது, ஏனென்றால் அவை பிறந்ததே ரிசீவருக்குள். இதைப் பிடிக்க ஓர் அழகான உத்தி உண்டு. சமிக்ஞை வரும் பாதையில், பெருக்கிக்கு முன்பாக, 3 டெசிபல் தணிப்பான் ஒன்றைச் செருகுவார்கள். மெய்யான சமிக்ஞை 3 டெசிபல் குறையும், அதாவது பாதியாகும். இந்த வகைப் பொய் 9 டெசிபல் குறையும், அதாவது எட்டில் ஒரு பங்காகும். பொய் மூன்று மடங்கு வேகமாகச் சரியும் என்ற இந்த ஒரு குணத்தை வைத்தே எத்தனையோ நாள் அலைச்சலை மிச்சப்படுத்தலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் இதுதான்.

பார்க்ஸ் ரிசீவர் கேட்கும் 3328 மெகாஹெர்ட்ஸில் வானியலுக்கென்று சட்டம் முழுமையாக ஒதுக்கிவைத்தது கொஞ்சம்தான். விண்வெளி ஹைட்ரஜன் அலை வீசும் கோடு இருக்கும் 1400 முதல் 1427 வரை, பிறகு 2690 முதல் 2700 வரை என்று சில துண்டுகளில் மட்டும் யாரும் எதையும் ஒலிபரப்பக் கூடாது. மற்ற இடமெல்லாம் பொதுவழி. மொபைல் டவர்கள், 1090-இல் தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே போகும் விமானங்கள், 1575-இல் ஜிபிஎஸ், 1616-க்கு மேல் இரிடியம் செயற்கைக்கோள்கள், 2400-இல் வைஃபை என்று எல்லாரும் அதில் நடமாடுகிறார்கள். அதனால்தான் வரும் சமிக்ஞையை முதலிலேயே மூன்று பெரிய பட்டைகளாகப் பிரித்து, பின்பு எண்களாக மாற்றி, 128 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 26 துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டு கெட்டுப்போனாலும் பக்கத்துத் துண்டு பிழைத்துக்கொள்ளும்.

துண்டுகளாக வெட்டியும் மிஞ்சி நிற்கும் இடையூற்றின் ஊற்றைத் தேடிப் போக வேண்டும். தேடுகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது கடிகாரத்தை. ஒரு சத்தம் தினமும் அதே மணிக்கு வந்தால் அது மனிதருடையது. தினமும் 4 நிமிடம் முந்திக்கொண்டே வந்தால் அது விண்மீன்களுடையது. பூமி விண்மீன்களைப் பொறுத்து ஒரு சுற்றை 23 மணி 56 நிமிடத்தில் முடிப்பதுதான் காரணம். ரேடியோ வானியல் பிறந்ததே இந்த 4 நிமிடத்தில்தான். 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி பெல் ஆய்வகத்தில் செய்துகொண்டிருந்தது வானியல் இல்லை. கடல் கடந்த வானொலித் தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடும் வேலை. கார் சக்கரங்களின் மேல் சுழலும் ஆன்டெனாவை வைத்து 20.5 மெகாஹெர்ட்ஸில் கேட்டார். பக்கத்து இடி, தூரத்து இடி இரண்டையும் கழித்த பிறகும் ஒரு சீறல் மிஞ்சியது. அது நாளுக்கு 4 நிமிடம் முந்தி வந்தது. தனுசு விண்மீன் கூட்டத்தின் திசையில், நம் பால்வீதியின் நடுவிலிருந்து வந்தது.

அடுத்தது அலைவெண். 125, 250, 375 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் கோடுகள் நின்றால் ஏதோ ஒரு டிஜிட்டல் கருவியின் கடிகாரம் கசிகிறது. அது பெரும்பாலும் தொலைநோக்கியின் சொந்தக் கருவியாகவே இருக்கும். வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை மின்சாரத்தை அணைத்து ஏற்றும் பெட்டிகளை, உலகத்திலேயே மிக நுண்ணிய காதுக்குப் பக்கத்தில் நாமே கொண்டுபோய் வைக்கிறோம். அவற்றை இடுக்கில்லாத உலோக அலமாரிக்குள் அடைத்து, கதவு விளிம்புகளுக்கு உலோக நாடா ஒட்டி, தகவலைச் செம்புக் கம்பியில் அனுப்பாமல் கண்ணாடி இழையில் அனுப்பினால்தான் ரிசீவருக்கு நிம்மதி.

பட்டை முழுவதும் பரவி, 10 மில்லிவினாடிக்கு ஒரு முறை வெடிக்கும் சத்தம் என்றால் காரணம் மின்கம்பி. தளர்ந்த இணைப்பிலும் அழுக்கேறிய பீங்கானிலும், 50 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் ஒவ்வொரு முறை உச்சத்துக்குப் போகும்போதும் பொறி பறக்கிறது. வினாடிக்கு 100 பொறி. புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் பக்கத்தில் 30 டிஷ்களோடு 25 கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் ஜிஎம்ஆர்டி தொலைநோக்கிக்கு இதுதான் தீராத தொல்லை. ஊர்களுக்கும் வயல்களுக்கும் நடுவே இருப்பதால் மின்கம்பியை விலக்க வழியில்லை. அங்கே பொறி விழும் கணங்களை மட்டும் கணினி உடனுக்குடன் கண்டுபிடித்து, அந்த எண்களைத் தூக்கிவிட்டு வேறு எண்களை நிரப்புகிறது.

கடைசியில் நடந்துதான் தேட வேண்டும். பழைய வீட்டு மாடிகளில் நின்ற டிவி ஆன்டெனா போல மீன்முள் வடிவில் ஒன்றைக் கையில் பிடித்து, அலைப்பகுப்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சத்தம் கூடும் திசையில் போக வேண்டும். இரண்டு இடங்களில் நின்று திசை பார்த்து, கோடுகள் வெட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு சார்ஜரோ எல்இடி விளக்கோ கிடைக்கும்.

இத்தனையும் தெரிந்த பார்க்ஸ் நிலையத்தையே 17 ஆண்டுகள் அலைக்கழித்த ஒரு சமிக்ஞை உண்டு. கால் வினாடி நீளம். உயர்ந்த அலைவெண்ணில் முதலில் வந்து தாழ்ந்ததற்கு இறங்கும். விண்வெளியின் எலக்ட்ரான்களைக் கடந்து வரும் துடிப்புகளும் அப்படித்தான் இறங்கும். ஆனால் வானத்தின் வெவ்வேறு இடங்களைப் பார்க்கும் டிஷ்ஷின் 13 கற்றைகளிலும் இது ஒரே நேரத்தில் தெரிந்தது. வானத்தில் ஒரு புள்ளியிலிருந்து வருவது அப்படித் தெரியாது. பதிவுகளில் முதலாவது 1998-ஆம் ஆண்டுடையது. மனித நிழல் விழும் கற்பனை விலங்கு ஒன்றின் பெயரால் இதற்குப் பெரிட்டான் என்று பெயரிட்டார்கள். வானத்திலிருந்து சில மில்லிவினாடி மட்டும் வந்து மறையும் துடிப்புக்கு வேக ரேடியோ வெடிப்பு என்று பெயர். 2007-இல் அறிவிக்கப்பட்ட முதல் வேக ரேடியோ வெடிப்பும் அதே தொலைநோக்கியில் கிடைத்ததால், அதுவும் இந்த ரகம்தானோ என்ற சந்தேகம் பலருக்கு எழுந்தது. ஒரு புதிய துறையே அந்தச் சந்தேகத்தில் தொங்கியது.

அப்போதைய ரிசீவர் கேட்டது 1374 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி வெறும் 288 மெகாஹெர்ட்ஸ். 2014 டிசம்பரில் 3000 மெகாஹெர்ட்ஸ் வரை கவனிக்கும் தனி ஆன்டெனா ஒன்றை நிலையத்தில் நிறுவினார்கள். அடுத்த மாதமே, ஒரே வாரத்தில், மூன்று பெரிட்டான்கள் வந்தன. ஒவ்வொன்றோடும் 2400 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பலத்த ஓர் ஒலி சேர்ந்து பதிவாகியிருந்தது. வானியலாளர் எமிலி பெட்ராஃப் தலைமையிலான குழு மைக்ரோவேவ் அடுப்புகளில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்துச் சோதித்தது. அடுப்பு தானாக நிற்கும்வரை காத்திருந்தால் எதுவும் வரவில்லை. சூடாகிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்தால், டிஷ்ஷும் அதற்கேற்ற கோணத்தில் நின்றால், பெரிட்டான் வந்தது. அடுப்புக்குள் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் அணையும் அந்தக் கணத்தில் 1400 பக்கமும் ஒரு துளி அலையை விடுகிறது. பெரிட்டான்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடியதற்கும் அதுவே காரணம். நிழல் மட்டும் குறுகிய ஜன்னலில் விழுந்திருக்கிறது. உடம்பு 1000 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நின்றிருக்கிறது. வேக ரேடியோ வெடிப்புகளோ சாப்பாட்டு நேரத்துக்குக் கூடவில்லை. அவை வானத்துடையவைதான் என்ற நம்பிக்கை ஓர் அடுப்பால் உறுதிப்பட்டது.

அகலப்பட்டை ரிசீவர் எல்லாச் சத்தத்துக்கும் கதவைத் திறந்துவைக்கிறது என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. 288 மெகாஹெர்ட்ஸ் துண்டில் எந்தச் சமிக்ஞையின் இறக்கமும் விண்வெளித் துடிப்பின் இறக்கம் போல வேடம் போட்டுவிடலாம். 704-இலிருந்து 4032 வரை போடுவது கடினம். சுழன்றுகொண்டே துடிப்பு துடிப்பாக ரேடியோ அலை வீசும் விண்மீனைப் பல்சர் என்பார்கள். வேலா பல்சர் 89 மில்லிவினாடிக்கு ஒரு முறை சுழல்கிறது. அதன் ஒரு துடிப்பு புதிய ரிசீவரின் மேல்கோடியைத் தொட்ட பிறகு, அலைவெண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழான விகிதத்தில் தாமதித்துத் தாமதித்து இறங்கி, கீழ்க்கோடிக்கு வந்துசேர 0.55 வினாடி ஆகிறது. அதற்குள் அந்த விண்மீன் ஆறு சுற்றுச் சுற்றி முடித்திருக்கும்.