நாவலைப் படித்து மூடிய பிறகும் அது ஏன் முடிவதில்லை?

எப்போதோ படித்து ரொம்பப் பிடித்துப்போன ஒரு நாவலை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை அச்சில் இருந்தபடியே சொல்ல வருகிறதா? பெரும்பாலும் வராது. ஆனால் அந்த வீட்டுப் பெரியவர் எந்தத் தூணில் சாய்ந்து உட்காருவார், சண்டை நடந்த ராத்திரி மருமகள் எந்த வாசல் வழியாக வெளியே போனாள் என்று கேட்டால், அங்கே குடியிருந்தவர் மாதிரி பதில் சொல்லிவிடுவோம். நமக்குள் போனதெல்லாம் வெறும் சொற்கள்தான். அந்தச் சொற்கள் போய்விட்டன, வீடு மட்டும் நிற்கிறது. கதை படிப்பதில் எனக்கு அலுக்காத அதிசயம் இதுதான், இதை ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

சொற்கள் எவ்வளவு சீக்கிரம் போகின்றன என்பதை ஜாக்குலின் சாக்ஸ் என்ற உளவியலாளர் 1967-இல் சோதித்தார். தொலைநோக்கி உருவான கதையை ஒலிப்பதிவாகப் போட்டு ஆட்களைக் கேட்க வைத்தார். அதில் ஒருவர் கலிலியோவுக்குக் கடிதம் எழுதியதாக ஒரு வாக்கியம் வரும். கொஞ்சம் கழித்து அந்த வாக்கியத்தைத் திருப்பிக் கொடுத்து, நீங்கள் கேட்டது இதுதானா என்று விசாரித்தார். ‘கடிதம் எழுதினார்’ என்பதை ‘கடிதம் எழுதப்பட்டது’ என்று மாற்றினால், நடுவில் 80 அசை அளவுக்குப் பேச்சு ஓடிவிட்டிருந்தாலே போதும், பலருக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. ஆனால் கலிலியோ அவருக்கு எழுதினார் என்று ஆளை மாற்றினால், அதே இடைவெளிக்குப் பிறகும் சட்டென்று கண்டுபிடித்தார்கள். மூளை அர்த்தத்தை எடுத்துக்கொண்டு சொல்லைக் கீழே போட்டுவிடுகிறது, அதுவும் அரை நிமிடத்துக்குள்.

அப்புறம் அந்த அர்த்தம் எந்த வடிவத்தில் தங்குகிறது? வால்டர் கிண்ட்ஷும் வான் டைக்கும் 1983-இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். வாசகர் படிக்கப் படிக்க, கதையில் இருக்கும் நிலைமையின் மாடல் ஒன்றையே மனத்துக்குள் கட்டிக்கொள்கிறார்: யார் எங்கே நிற்கிறார், கையில் என்ன இருக்கிறது, எது எதனால் நடந்தது, யாருக்கு என்ன வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் அந்த மாடலில் ஏதோ ஒன்றைச் சேர்க்கும், இல்லையென்றால் நகர்த்தும்.

இதற்கு 1987-இல் வந்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆர்தர் கிளென்பெர்க்கும் அவரோடு இருந்தவர்களும் ரொம்பச் சின்னக் கதை ஒன்றை எழுதினார்கள். ஜான் ஓடப் போகிறான். ஒரு வடிவத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுகிறான், இன்னொன்றில் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிறான். மற்றபடி இரண்டு கதையும் ஒன்றுதான், சட்டை என்ற சொல்லும் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் வருகிறது. ஓட ஆரம்பித்துக் கொஞ்ச தூரம் போன பிறகு, சட்டை என்ற சொல் கதையில் வந்ததா என்று கேட்டால், மாட்டிக்கொண்டு போன கதையைப் படித்தவர்கள் வேகமாக ஆமாம் என்கிறார்கள். கழற்றி வைத்த கதையைப் படித்தவர்களுக்குப் பதில் வரக் கொஞ்சம் தாமதமாகிறது. ஏனென்றால் அவர்கள் மனம் ஜானோடு ஓடிக்கொண்டிருக்கிறது, சட்டை எங்கோ பின்னால் கிடக்கிறது. தாளில் இரண்டுக்கும் தூரம் சமம்தான், வாசகர் கட்டிய உலகத்தில் சமம் இல்லை.

ரோல்ஃப் ஸ்வான் குழுவினர் 2002-இல் வேறு மாதிரி கேட்டார்கள். கழுகு வானத்தில் இருக்கிறது என்று படித்தவர்கள், இறக்கை விரித்த கழுகின் படத்தைப் பார்த்ததும் சீக்கிரம் அடையாளம் சொன்னார்கள். கூட்டில் இருக்கிறது என்று படித்தவர்களுக்கு இறக்கை மடித்த படம்தான் சுலபமாக இருந்தது. வாக்கியத்தில் இறக்கையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. படிப்பவர் தன்னிடம் இருந்த கழுகைக் கொண்டுவந்து, தானே இறக்கையை விரித்தும் மடக்கியும் வைத்திருக்கிறார்.

இதைச் சொன்னால் எல்லோருக்குள்ளும் சினிமா ஓடுகிறது என்று அர்த்தமாகிவிடாது. மனத்தில் படமே எழாத ஆட்கள் இருக்கிறார்கள். ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவர் 2015-இல் அதற்கு அஃபேன்டேசியா என்று பெயர் வைத்தார். அப்படிப்பட்டவர்களும் நாவல் படிக்கிறார்கள், ரசிக்கிறார்கள். அதனால் நாம் கட்டுவது படம் மட்டும் இல்லை, உறவுகளும் காரணங்களும் ஆசைகளும் சேர்ந்த ஒரு ஏற்பாடு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். படம் சிலருக்கு அதோடு சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான்.

மூளையை ஸ்கேன் செய்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜெஃப்ரி ஸாக்ஸின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு அது. 7 வயதுப் பையன் ஒருவனுடைய நாள் எப்படிப் போனது என்ற கதையை, திரையில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள். பையன் விளக்குக் கயிற்றை இழுப்பதுபோல ஏதாவது பொருளைக் கையில் எடுக்கும் இடத்தில், படிப்பவரின் மூளையில் கை அசைவோடு தொடர்புள்ள பகுதிகளில் வேலை கூடியது. அவன் இடம் மாறினால், இடங்களைக் கவனிப்பதோடு தொடர்புள்ள பகுதிகளில் கூடியது. இதை வைத்து, படிப்பதும் வாழ்வதும் மூளைக்கு ஒன்றுதான் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது அதிகப்படி. பகுதிகள் ஓரளவுக்குப் பொருந்துகின்றன என்பதுதான் அங்கே தெரிந்தது.

கட்டியதை இடித்துத் திரும்பக் கட்டும் இடங்களும் உண்டு. ‘ஒரு கணம் கழித்து’ என்று வந்தால் சரளமாகப் போகிற வாசகர், ‘ஒரு மணி நேரம் கழித்து’ என்று வந்தால் அந்த வாக்கியத்தில் சற்று நின்று போகிறார், அதற்கு முன் நடந்ததும் அவருக்கு உடனே கைக்கு எட்டாமல் போகிறது. காலமோ இடமோ தாவினால் பழைய காட்சியை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதை எழுதியவர்கள் இதை எந்த ஆய்வும் இல்லாமலே கைவசம் வைத்திருந்தார்கள். காட்சி முடிவதற்கு ஒரு அடி முன்னால் ‘தொடரும்’ போட்டுவிடுவார்கள். மூடாத காட்சியை மனம் எங்கே எடுத்து வைக்கும்? அடுத்த வாரம் வரைக்கும் தூக்கிக்கொண்டுதான் திரியும்.

சரி, இப்படி அடுத்தவர் மனத்தையும் கட்டிக் கட்டிப் பழகுவதால் நிஜ மனிதர்களை நன்றாகப் புரிந்துகொள்வோமா? 2013-இல் கிட், காஸ்டானோ இருவரும் ‘சயின்ஸ்’ இதழில், இலக்கியக் கதையைக் கொஞ்ச நேரம் படித்தாலே கண்களின் படத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் சோதனையில் மதிப்பெண் ஏறுகிறது என்று எழுதினார்கள். உலகமெங்கும் செய்தியானது. பிறகு வேறு குழுக்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அது வரவில்லை. 2018-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு, ஒரு விளைவு இருக்கிறது, ஆனால் சிறியது என்றுதான் கிடைத்தது. நிறையக் கதை படிப்பவர்கள் இந்த மாதிரிச் சோதனைகளில் கொஞ்சம் நன்றாகச் செய்கிறார்கள் என்பதும் வந்திருக்கிறது, ஆனால் படித்ததால் அப்படி ஆனார்களா, அப்படிப்பட்டவர்கள்தான் கதையைத் தேடி வருகிறார்களா என்பதை அதை வைத்துப் பிரிக்க முடியாது. கதையை மருந்து மாதிரி விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அரை மணி நேரம் படித்ததும் என்ன ஆகிறது என்று அளப்பது, ஒரு நாவல் வருடக்கணக்கில் ஒருவரோடு செய்யும் வேலையை எப்படிப் பிடிக்கும்?

அந்த வருடக்கணக்கு வேலையைப் பார்க்க முயன்றவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிரெடரிக் பார்ட்லெட். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை இங்கிலாந்துக்காரர்களிடம் படிக்கக் கொடுத்து, நாட்கள், மாதங்கள், சிலரிடம் வருடங்கள் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். 1932-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் அது வருகிறது. அந்த மக்களின் ஓடம் சாதாரணப் படகாகிவிடுகிறது, கடல்நாய் வேட்டை மீன்பிடியாகிவிடுகிறது, புரியாத ஆவிச் சங்கதிகள் உதிர்ந்துபோகின்றன. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது, அதற்கு அவரவர் வீட்டில் கிடைக்கும் கல்லும் மண்ணும்தான் பயன்படுகின்றன என்பது அவர் சொன்னதன் சாரம்.

தீவிர வாசகர்கள் மறுவாசிப்பை விடாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காரணம் இல்லை. கல்லூரி நாட்களில் மகன் பக்கம் நின்று படித்த கதையை, பிள்ளை பெற்ற பிறகு படித்தால் அப்பா பக்கம் போய் நிற்கிறோம். அச்சில் ஓர் எழுத்து மாறவில்லை, இடைவெளிகளை நிரப்ப நம்மிடம் இருக்கும் சரக்குதான் மாறியிருக்கிறது.

முடிவு தெரிந்துவிட்டதே, அப்புறம் என்ன படிப்பது என்று கேட்பவர்களுக்காக லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011-இல் செய்ததைச் சொல்லலாம். சிறுகதைகளின் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள், மர்மக் கதைகள் உட்பட. முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் சராசரியாகக் கதைக்கு அதிக மதிப்பெண் போட்டார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகளில் நேர்மாறாகவும் கிடைத்திருக்கிறது, அதனால் நண்பர்களிடம் போய்க் கொலைகாரன் பெயரை உளற வேண்டாம். ஆனால் நாமே இரண்டாம் முறை எடுக்கும்போது, அடுத்து என்ன என்று ஓடிக்கொண்டிருந்த கவனம் ஓய்வாகிவிடுகிறது. மூன்றாம் அத்தியாயத்தில் சமையலறைக்குள் யாரோ கதவைச் சாத்திக்கொண்ட அந்த ஒற்றை வரி, முதல் தடவை சும்மா கடந்துபோனது, இப்போது கண்ணில் படும்.