“எந்த ரிப்போர்ட்?” – விபத்துப் பதிவைப் பெறுவதும் வீதியின் கணக்கைக் கேட்பதும்

மச்சானின் மோட்டார் சைக்கிளைப் பின்னாலிருந்து ஒரு வேன் தட்டியது ஒரு சனிக்கிழமை பின்னேரம். கையில் முறிவு, பின் சில்லு நெளிந்துவிட்டது. வேன்காரர் ஓடவில்லை, நின்றார். பொலிஸ் வந்து அளந்து எழுதிக்கொண்டு போனது. அடுத்த கிழமை இன்சூரன்ஸ்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: “பொலிஸ் ரிப்போர்ட் கொண்டு வாங்க தம்பி.”

அதற்காக அவன் மூன்று தரம் அலைந்தான். முதல் நாள் மேசையில் இருந்தவர், “எந்த ரிப்போர்ட்?” என்று கேட்டார். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் நாள் முறைப்பாட்டு இலக்கம் கேட்டார்கள். துண்டு வீட்டில் கிடந்தது. மூன்றாம் நாள் துண்டோடு போனான், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்த “எந்த ரிப்போர்ட்” நியாயமான கேள்விதான். நாம் ஒரே பெயரில் கேட்பது உண்மையில் மூன்று நான்கு வெவ்வேறு காகிதங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது.

முதலாவது, முறைப்பாட்டுப் பிரதி. நீங்கள் பொலிசில் சொன்னதை ஒரு தகவல் புத்தகத்தில் எழுதுவார்கள். எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம், எத்தனையாம் பந்தி, என்ன திகதி என்ற நான்கும்தான் அதன் முகவரி. இவற்றை அன்றைக்கே தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். காப்புறுதி நிறுவனம் பெரும்பாலும் கேட்பது இதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியைத்தான். அந்த நிலையத்தின் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம், அடையாள அட்டைப் பிரதி, சிறு கட்டணம், அவ்வளவுதான். கடிதத்தில் “காப்புறுதிக் கோரிக்கைக்காக” என்று காரணத்தையும் எழுதிவிட்டால் பேச்சு குறையும்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வாக்குமூலத்தை வாசித்துப் பார்க்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம். இலங்கையின் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் சொன்னதைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது சண்டித்தனம் இல்லை, அது அரசியலமைப்பில் இருக்கிற உரிமை. எழுதுகிறவருக்குத் தமிழ் வராவிட்டால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை இருந்து சொல்லுங்கள். “இடது பக்கம்” என்பது “வலது பக்கம்” என்று பதிவாகிவிட்டால் பிறகு திருத்த முடியாமல் ஆட்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாவது, பொலிஸ் வரைந்த விபத்து வரைபடம், அளவுகள், சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாம் அடங்கிய விசாரணைக் கோவை. இதை மேசையில் கேட்டவுடன் தரமாட்டார்கள். வழக்குப் போடப்பட்டால் அது நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கு இலக்கத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் அத்தாட்சிப் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நட்டஈட்டுக்குத் தனியாக சிவில் வழக்குப் போட யோசிக்கிறவர்கள் ஒரு சட்டத்தரணியைச் சுணங்காமல் பாருங்கள். அப்படியான வழக்குக்குக் காலாவதி 2 ஆண்டு. “பொலிஸ் கேஸ் முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்று இருந்து அந்த 2 ஆண்டையும் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உயிரிழப்பு என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கையும் வைத்தியசாலையின் மரண பரிசோதனை அறிக்கையும் சேரும். இடித்துவிட்டு ஓடிய வாகனத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் தேசிய வீதிப் பாதுகாப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். அப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கென அங்கே ஒரு நிதி இருக்கிறது. அதற்கும் பொலிஸ் பதிவு வேண்டும். ஆகவே, “சின்னக் காயம்தானே” என்று முறைப்பாடு போடாமல் வீட்டுக்குப் போவது பின்னால் எல்லாக் கதவையும் அடைத்துவிடும்.

சரி, இது ஒரு விபத்தின் கதை. ஒரு சந்தியின் கதை வேறு.

உங்கள் பள்ளிக்கூடச் சந்தியில் அடிக்கடி மோதுகிறார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிரதேச சபையில் போய்ச் சொன்னால், “எத்தனை விபத்து நடந்திருக்கு?” என்று கேட்பார்கள். “நிறைய” என்ற பதிலை வைத்து யாரும் ஒரு ரூபாய் ஒதுக்கமாட்டார்கள். விபத்தின் கணக்கு சபையிடம் இருக்காது, அது பொலிசிடம் இருக்கிறது. வீதி யாருடையது என்பதோ மூன்றாவது கதை. ஏ, பி என்று இலக்கமிட்ட வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மற்ற உள்ளூர் வீதிகள் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு. மட்டக்களப்பிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று ஓடுகிற நம் பிரதான வீதி ஏ-4. அதில் எந்தத் தவிசாளரும் தன் இஷ்டத்துக்கு வேகத்தடை போட முடியாது. ஆனால் அந்த வீதியில் வந்து ஏறுகிற ஒழுங்கையும் அதன் முனையில் எரியாத மின்விளக்கும் சபையின் பொறுப்பு. கணக்கு ஒருவரிடம், தார் ஒருவரிடம், விளக்கு இன்னொருவரிடம். மூன்றையும் ஒரே காகிதத்தில் சேர்க்கிற வேலை நம்முடையது.

அதற்கான கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், பேச்சு வழக்கில் ஆர்.டி.ஐ. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. இலங்கைப் பிரஜை யாரும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு பொது அதிகாரசபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். நியமிக்கப்படாவிட்டால் நிறுவனத் தலைவரே அந்தப் பொறுப்பில் இருப்பதாகச் சட்டம் கொள்கிறது. ஆர்.டி.ஐ. 01 படிவத்திலோ வெள்ளைத்தாளிலோ எழுதிக் கொடுத்து, வாங்கியதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எழுத முடியாத அம்மம்மா வாயால் சொன்னாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும்.

கேள்வியை எழுதுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “எங்கள் ஊரில் விபத்துகள் ஏன் கூடியிருக்கின்றன?” என்று எழுதினால் பதில் வராது. ஆர்.டி.ஐ. அபிப்பிராயம் கேட்கிற இடமல்ல, இருக்கிற பதிவைக் கேட்கிற இடம். பொலிசார் ஒவ்வொரு விபத்துக்கும் 297பி என்ற படிவத்தை நிரப்புகிறார்கள். நேரம், வெளிச்சம், மழையா வெயிலா, வீதியின் நிலை, வாகன வகை, சம்பந்தப்பட்டவர்களின் வயது எல்லாம் அதில் வரும். இடத்தைக் கிலோமீற்றர் கல்லை வைத்துக் குறிப்பார்கள். ஆகவே முதலில் சந்திக்குப் போய்ப் பக்கத்துக் கல்லில் என்ன இலக்கம் என்று பாருங்கள். பற்றை மூடியிருந்தால் விலக்கிப் பாருங்கள். பிறகு இப்படி எழுதலாம்:

“2022 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை, ஏ-4 வீதியில் இன்ன கிலோமீற்றர் கல்லுக்கும் இன்ன கல்லுக்கும் இடையில் பதிவான வீதி விபத்துகளின் எண்ணிக்கை, மரணம், பாரதூரமான காயம், சிறு காயம், சேதம் மட்டும் என்ற வகையில், ஆண்டுவாரியாக. ஒவ்வொன்றும் நடந்த நேரம், வெளிச்ச நிலை, சம்பந்தப்பட்ட வாகன வகை. பெயர், முகவரி தேவையில்லை.”

அந்தக் கடைசி வரி முக்கியம். தனிப்பட்ட விபரம் என்று ஆர்.டி.ஐ. சட்டத்தின் 5ஆம் பிரிவைக் காட்டி மறுக்க இடம் வைக்காதீர்கள். நடந்துகொண்டிருக்கிற விசாரணை கெடும் என்றும் மறுக்கலாம். எண்ணிக்கைக்கு அது பொருந்தாது. மறுக்கக்கூடிய பகுதியைக் கழித்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். சம்மதித்தால், கட்டணம் இருந்தால் அதைக் கட்டியபின் 14 நாட்களுக்குள் தகவல் வர வேண்டும். நிறையப் பக்கம் என்றால் இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். (48 மணித்தியாலத்தில் வரும் என்று சிலர் சொல்வார்கள், அது ஒருவரின் உயிரோ தனிப்பட்ட சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவலுக்கு மட்டும்.) மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவர் 3 கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு. பதிவுத் தபால் துண்டுகளை ஒரு கோவையில் போட்டு வைத்தால் இவ்வளவும் சமாளிக்கக்கூடியதே.

கணக்கு கையில் வந்ததும் அவசரப்பட்டு முழங்க வேண்டாம். ஒரு சந்தியில் ஒரு வருடத்தில் இரண்டு விபத்து, அடுத்த வருடம் நான்கு என்றால் “இரட்டிப்பு” என்று கத்துவது மேடைக்கு நல்லது, ஆனால் பொறியியலாளர் சிரிப்பார். மூன்று வருடத்தையாவது சேர்த்துப் பாருங்கள். எத்தனை என்பதைவிட எப்போது, எப்படி என்பது பயன்படும். பெரும்பாலானவை இரவு ஏழுக்கும் பத்துக்கும் இடையில் என்றால் கேட்க வேண்டியது வேகத்தடை அல்ல, விளக்கு. அதற்குச் சபை போதும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பாதசாரிகள் என்றால் மஞ்சள் கடவையும் அறிவிப்புப் பலகையும். அது ஏ-4இல் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு எழுத வேண்டும், பிரதியைச் சபைக்கும் மாவட்டச் செயலகத்துக்கும்.

இன்னொன்று. பொலிஸ் கணக்கு எப்போதும் குறைவாகவே இருக்கும். வீதியோரத்தில் பேசித் தீர்த்தவை, மாட்டில் மோதித் தானே விழுந்து தானே எழும்பிப் போனவை எதுவும் அதில் வராது. வைத்தியசாலையும் பொது அதிகாரசபைதான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை ஆதார வைத்தியசாலைகளிலோ வீதி விபத்தால் அனுமதிக்கப்பட்டவர்களின் மாதவாரி எண்ணிக்கையை இதே முறையில் கேட்கலாம். சந்தியின் பெயர் அதில் இருக்காது, ஆனால் இரண்டு கணக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளியே ஒரு செய்தி.

2023 மார்ச்சில் கலைந்த சபைகளில் பெரும்பாலானவற்றுக்கு 2025 மே தேர்தலுக்குப் பிறகு மறுபடி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் ஒரு பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்: மேலே சந்தியின் பெயரும் கிலோமீற்றர் இலக்கமும், நடுவில் மூன்று வருடக் கணக்கு, கீழே ஒரே ஒரு கோரிக்கை. மாதாந்த அமர்வில் பிரேரணையாக வந்தால் அது கூட்டறிக்கையில் பதிவாகும். ஆறு மாதம் கழித்து, “அந்தப் பிரேரணைக்கு என்ன நடந்தது?” என்று அந்தக் கூட்டறிக்கையின் பிரதியையும் ஆர்.டி.ஐ.யிலேயே கேட்கலாம்.