மரப்பொந்துக்குள் அடைபட்டுக் குஞ்சு வளர்க்கும் இருவாச்சி

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் வாழும் பெரிய இருவாச்சி, சுமார் 1 மீட்டர் நீளமும் 3 கிலோ எடையும் கொண்ட பறவை. ஆனைமலைப் பகுதியில் டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ இதன் இனப்பெருக்கக் காலம் தொடங்கும்போது, பெண் பறவை உயர்ந்த மரமொன்றின் பொந்துக்குள் நுழைந்து, அலகு நுழையும் அளவுக்குச் செங்குத்தான ஒரு பிளவை மட்டும் விட்டுவிட்டு வாசலை அடைத்துவிடுகிறது. ஆண் பறவை தன் துணையைச் சிறைவைக்கிறது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. தன் எச்சத்தையும் பழக்கழிவையும் அலகின் பக்கவாட்டால் தட்டித்தட்டிப் பூசி, உள்ளிருந்தபடியே அந்தச் சுவரை எழுப்புவது பெண் பறவைதான். காய்ந்து இறுகிவிட்ட அந்த அடைப்பைக் குரங்கோ மரநாயோ எளிதில் பெயர்த்துவிட முடியாது.

பெண் பறவை இடுவது பெரும்பாலும் இரண்டு முட்டைகள். அடைகாக்கும் காலம் ஏறத்தாழ 40 நாட்கள். அடைபட்ட சில நாட்களில் அதன் இறக்கையிலும் வாலிலும் உள்ள பெரிய இறகுகள் உதிர்ந்துவிடுகின்றன. பறக்க வேண்டிய தேவையே இல்லாத இந்த இடைவெளியில் அது புதிய இறகுகளை வளர்த்துக்கொள்கிறது. ஆனால் அவை முளைக்கும்வரை தாயின் உயிரும் குஞ்சின் உயிரும் வெளியே இருக்கும் ஒரே ஒரு பறவையை நம்பியிருக்கின்றன.

அந்த ஆண் பறவையின் உழைப்பு அசாத்தியமானது. காடெங்கும் அலைந்து அத்திப்பழங்களையும் கொழுப்புச்சத்து மிகுந்த காட்டுப் பழங்களையும் விழுங்கிச் சேர்த்துக்கொண்டு வந்து, மரத்தைப் பற்றியபடி அவற்றை ஒவ்வொன்றாகக் கக்கி, அலகு நுனியில் ஏந்திப் பிளவின் வழியே ஊட்டுகிறது. குஞ்சு பொரித்தபின் வளர்ச்சிக்குப் புரதம் தேவைப்படுவதால் பூச்சிகள், பல்லியினங்கள், சிறு பறவைகள் போன்றவற்றையும் பிடித்து வருகிறது. பொந்து நாறாமல் இருப்பதற்கும் வழி உண்டு: தாய் தன் பின்புறத்தைப் பிளவுக்கு நேராகத் திருப்பி எச்சத்தை வெளியே பீய்ச்சிவிடும், குஞ்சும் வளர வளர அவ்வாறே செய்யும்.

குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் சுவரை உடைத்து வெளியேறி, இரைதேடும் பணியில் ஆணுடன் சேர்ந்துகொள்கிறது. அப்போது குஞ்சு தானாகவே வாசலை மீண்டும் அடைத்துக்கொள்வதுதான் இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் வியக்கவைப்பது. கட்டுமானத்தைக் கற்றுக்கொடுக்க அங்கே யாரும் இல்லை; அது பிறவியிலேயே அமைந்த திறன்.

இத்தனை கவனமும் பலிக்க ஒரு பொந்து வேண்டும். மரங்கொத்தியைப்போல மரத்தைக் குடையும் ஆற்றல் இருவாச்சிக்கு இல்லாததால், இயற்கையாகவே பெரிய பொந்து விழுந்த முதிர்ந்த மரங்களையே அது நாட வேண்டியுள்ளது. பொருத்தமான பொந்து அமைந்துவிட்டால் அதே இணை ஆண்டுதோறும் அங்கேயே திரும்பி வருவதும் உண்டு. கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் பழங்குடியினர் இத்தகைய கூட்டு மரங்களை அடையாளங்கண்டு, இனப்பெருக்கக் காலம் முழுவதும் கண்காணித்துக் காத்து வருகின்றனர்.