தாஇஃபிய்யா: தமிழில் எப்படி எழுதுவது?

லெபனான் தலைநகர் பெய்ரூட்டிலிருந்து வெளிவரும் நாளேடுகளின் தலையங்கங்களில் 'தாஇஃபிய்யா' என்ற அரபுச் சொல் இடைவிடாமல் வருகிறது. தமிழில் அதை 'மதவாதம்' என்று எழுதிவிடத்தான் முதலில் கை போகும். ஆனால் அந்தச் சொல் இங்கே பொருந்தாது.

இதன் வேர் 'தாஃப', அதாவது சுற்றி வந்தான் என்பது. மக்காவின் கஅபாவை ஏழு முறை சுற்றும் தவாஃப் இதே வேரில் பிறந்தது. 'தாஇஃபா' என்றால் முழுமையொன்றின் ஒரு பகுதி, ஒரு கூட்டம். இறைநம்பிக்கையாளரில் இரு கூட்டத்தார் தமக்குள் போரிட்டால் அவர்களிடையே சமாதானம் செய்யுங்கள் என்று கூறும் குர்ஆன் வசனத்திலும் (49:9) இச்சொல்லே வருகிறது; பழிப்புப் பொருள் எதுவும் அதில் இல்லை. துருக்கிய உதுமானியர் ஆட்சிக் காலத்தில் கைவினைஞர் சங்கங்களைக்கூட இச்சொல்லால் குறித்தார்கள். 'இய்யா' என்னும் ஈறு சேர்ந்து, ஒரு கொள்கையையும் ஒரு நோயையும் குறிக்கும் சொல்லாக இது மாறியது நவீன காலத்தில்தான்.

அந்த மாற்றத்துக்குப் பின்னணியாக நிற்பது 1860. லெபனான் மலையில் துரூசியரும் (இஸ்லாத்திலிருந்து கிளைத்த தனிச் சமயக் கூட்டத்தார்) மாரோனியரும் (கத்தோலிக்கத்தைச் சார்ந்த கிறிஸ்தவச் சபையார்) மோதினர். திமிஷ்கில் (டமாஸ்கஸ்) கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தச் சூட்டில்தான் எழுத்தாளர் புத்ருஸ் அல்புஸ்தானி 'நஃபீர் சூரிய்யா' என்ற துண்டுத்தாள்களை வெளியிட்டார். தம் பெயரைப் போடாமல் 'நாட்டை நேசிப்பவன்' என்று கையெழுத்திட்டு, 'தாயகத்தின் மக்களே' என்று விளித்து எழுதினார். எந்தச் சபையாரையும் தனியே விளிக்காத அந்த ஒற்றை விளிப்பிலேயே அவருடைய நிலைப்பாடு முழுவதும் அடங்கியிருந்ததாக நான் கருதுகிறேன்.

இன்றைய லெபனானில் இச்சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, தன் கூட்டத்தாரையே பெரிதெனக் கருதிப் பிறரை வெறுக்கும் மனப்போக்கு. மற்றொன்று, ஆட்சி அமைப்பு: குடியரசுத் தலைவர் மாரோனியர், பிரதமர் சுன்னி, நாடாளுமன்றத் தலைவர் ஷியா, நாடாளுமன்றத்தின் 128 இடங்களில் கிறிஸ்தவருக்கு 64, முஸ்லிம்களுக்கும் துரூசியர் உள்ளிட்டோருக்கும் 64, அவற்றுள்ளும் மாரோனியருக்கு 34, ஷியாவிலிருந்து கிளைத்த அலவியருக்கு 2 என்று பங்கீடு நீள்கிறது. மாரோனியரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் ஒரே மதத்தவராயினும் தனித்தனி தாஇஃபாக்கள் என்பதால்தான் 'மதவாதம்' பொருந்தவில்லை. தனிநாடு கேட்பது இதன் பொருள் அன்று. ஆகவே 'பிரிவினைவாதம்' என்பதும் தவறு. இலங்கைத் தமிழ் வழக்கில் உள்ள 'இனவாதம்' மொழியும் இனமும் பற்றியது. இங்கே பெரும்பாலும் எல்லாருமே அரபு பேசுகிறவர்கள்.

பொருத்தமான சொல் நம்மிடமே இருக்கிறது. 'வகு' என்பதிலிருந்து வந்த 'வகுப்பு', தாஇஃபாவைப் போலவே முழுமையின் ஒரு கூறைக் குறிப்பது. இன்று பள்ளிக்கூடத்தையே அது நினைவூட்டினாலும், 'வகுப்புக் கலவரம்' என்றால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. மேலும், அரசுப் பணிகளைச் சமூகவாரியாகப் பகிர்வதற்காக 1921-இல் சென்னை மாகாணத்தில் வந்த வகுப்புவாரி ஆணை, இடப்பங்கீட்டுப் பொருளையும் இச்சொல்லுக்குத் தந்துவிட்டது; அங்கே அது பழிச்சொல்லாக அல்ல, நீதி கேட்கும் சொல்லாகவே ஒலித்தது. லெபனானின் சிறு சபையாரில் பலரும் தங்கள் பங்கீட்டை அவ்வாறே, ஒரு காப்பாகவே பார்க்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது.

எனவே வெறுப்பைச் சுட்டும் இடத்தில் 'வகுப்புவாதம்', ஆட்சி அமைப்பைச் சுட்டும் இடத்தில் 'வகுப்புவாரி முறை' என்று பிரித்து எழுதுவதே சரி. எகிப்திய ஏடுகள் முஸ்லிம்களுக்கும் காப்டிக் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான மோதல்களைக் குறிக்க ஆளும் 'ஃபித்னா தாஇஃபிய்யா'வுக்கு 'வகுப்புக் கலகம்' நன்கு பொருந்தும். சுன்னி, ஷியா பகைக்கு அரபு ஏடுகள் தனியே ஆளும் 'மத்ஹபிய்யா'வை, தமிழ் முஸ்லிம்கள் நன்கறிந்த மத்ஹப் (இஸ்லாமியச் சட்டநெறிப் பிரிவு) என்ற சொல்லைக் கொண்டே 'மத்ஹபுவாதம்' எனலாம்.

1989-இல் சவூதி அரேபியாவின் தாஇஃப் நகரில் ஏற்பட்ட உடன்பாட்டையொட்டி 1990-இல் லெபனான் அரசியலமைப்பின் முகவுரையில் சேர்ந்த 'இல்ஃகாஉத் தாஇஃபிய்யதிஸ் ஸியாஸிய்யா' என்ற இலக்கை, 'அரசியலில் வகுப்புவாரி முறையை ஒழித்தல்' என்றே பெயர்க்க வேண்டும். அதை 'மதவாத ஒழிப்பு' என்று எழுதினால், பதவிப் பங்கீட்டைப் பற்றி அங்கே நடக்கும் வாதம் தமிழ் வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.